ஆகோ சொல்லித் திறப்பவள்

அராபாவின் கைகள் புளித்த சோள மாவை உருட்டி, காய்ந்த வாழைச் சருகில் வைத்து மடித்துக்கொண்டிருக்கின்றன. கண்கள் முக்காலியின் மேலிருக்கும் லேப்டாப்பில். இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் மாவு படவிடமாட்டாள். திரையில் எழுத்துகள் ஓடி நின்றால் அந்த விரலை நீட்டி ஒரு விசையைத் தட்ட வேண்டுமே. தட்டுவதற்கு முன் உரக்க, "ஆகோ!" என்பாள்.

அவள் ஊரான கேப் கோஸ்ட்டில் யார் வீட்டு வாசலிலும் அப்படித்தான் குரல் கொடுப்பது. உள்ளிருந்து "ஆமே" வந்தால்தான் காலெடுத்து வைக்கலாம். கணினிக்கு வாய் இல்லாததால் "ஆமே"யையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

"கம்ப்யூட்டருக்கு ஆகோ சொல்றவள இங்கதான் பாக்கறேன்," என்பாள் அக்கா அஜோவா. "அடுத்து அதுக்கு மீன் பொரிச்சு வைப்பியா?"

"கேட்டா வைக்கிறேன்."

அராபாவுக்கு வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அக்காவும் தங்கையும் இருப்பது பின்புறக் குடியிருப்பில். ஆஸ்பத்திரியின் இணையம்தான் வீட்டுக்கும். அந்த மாவுருண்டைகளை அவித்து, சாயங்காலம் கென்கே என்று விற்பது அக்கா. கட்டித் தருவது தங்கை. கட்டும் நேரம்தான் பயிற்சி நேரம். இணையத்தில் ஒரு பழகுகளம் இருக்கிறது. உடைத்துப் பார்க்கச் சொல்லியே கட்டிவைத்த பொய் அலுவலகம், அதில் நாற்பது கணினிகள், எல்லாவற்றுக்கும் பழங்களின் பெயர். ஆறு மாதத்தில் முப்பத்தொன்றைத் திறந்துவிட்டாள். மிச்சத்தையும் திறந்தால், ஆஸ்பத்திரி வலையில் எங்கே ஓட்டை என்று சோதிக்கும் பொறுப்பு அவளுக்கு. பெரிய டாக்டர் சம்மதித்துவிட்டார். மேட்ரன் பைடூ சம்மதிக்கவில்லை.

"பூட்டு ஒடைச்சுப் பழகறவகிட்ட சாவியக் குடுக்கறதா? ஒரு தப்பு நடக்கட்டும், வேலையவிட்டே அனுப்பிடுவேன்."

அராபா குறிப்பேடு எழுதுவது காய்ச்சல் அட்டை எழுதுவது போல: மணி, எதைத் தொட்டாள், அது என்ன செய்தது. இன்னொரு பழக்கமும் உண்டு. யார் ரகசிய எண்ணைத் தட்டினாலும் சுவர் பக்கம் திரும்பிவிடுவாள். அக்கா தன் போனைத் திறந்தாலும் அப்படித்தான்.

"நான் என்ன துணியா மாத்தறேன், திரும்பிக்கறே?"

வியாழன் பிற்பகல் மின்சாரம் போய், உடனே வந்தது. லேப்டாப் அணையவில்லை. இணையமும் திரும்பிவிட்டது, பழகுகளத்துக்குப் போகும் தனி வழி மட்டும் திரும்பவில்லை. வேறு நாளாக இருந்தால் பார்த்திருப்பாள். கையெல்லாம் மாவு. சுண்டுவிரல் தட்டியது. ஆகோ. ஆமே.

பொய் அலுவலகத்தின் கணினி எண்களும் ஆஸ்பத்திரியின் எண்களும் ஒரே வரிசை. ஒரு கணினி பதில் கொடுத்தது. கம்பெனியிலேயே போட்டு அனுப்பும் கடவுச்சொல்லையே போட்டுப் பார்த்தாள். திறந்துகொண்டது.

"அக்கா, பப்பாளி வாயத் தொறந்திருச்சு!" உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கி ஆடினாள்.

திரையில் 4.1 டிகிரி என்று இருந்தது. அதன் கீழே ஒரு வரி: 'கதவை அடித்துச் சாத்தாதீர்கள். மேட்ரன் பைடூ.'

தோள் நின்றது. எதையும் தொடாமல் வெளியே வந்தாள்.

"பப்பாளி இல்லக்கா. கரண்ட் போனதுல வழி மாறிருக்கு. இது நம்ம ஆஸ்பத்திரி தடுப்பூசிக் குளிர்பெட்டி."

"ஐயோ, கெட்டுப்போச்சா?"

"ஒண்ணும் ஆகல. ஆனா நானே ஆகோ சொல்லி, நானே ஆமே சொல்லி, மத்தவங்க வீட்டுக்குள்ள போயிட்டேன்."

"யாரு பாத்தா?"

"அந்தப் பெட்டி எழுதி வச்சிருக்கும்."

"அழிக்கத் தெரியாதா ஒனக்கு? ஆறு மாசமா அதத்தானடி படிக்கறே! அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா வேலையும் போயிடும், இந்த வீடும் போயிடும்."

"அழிக்கத் தெரியும்," என்று அராபா எழுந்து கை கழுவினாள். குறிப்பேட்டில் மணி, தொட்டது, தொடாதது எல்லாம் எழுதினாள். மேட்ரன் அன்று ஊரில் இல்லை. மறுபடி உட்கார்ந்து மிச்ச மாவையும் கட்டி முடித்தாள். அன்று வாங்கியவர்கள், சருகைப் பிரிக்கவே முடியவில்லை, அவ்வளவு இறுக்கம் என்றார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேட்ரனின் அறை வாசலில் நின்றாள். கதவு விரியத் திறந்திருந்தது.

"ஆகோ."

மேட்ரன் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆகோ."

"கதவு தொறந்துதான கெடக்கு? கண்ணு தெரியலையா?"

"தெரியுது மேட்ரனம்மா. நீங்க இன்னும் வரச்சொல்லலையே."

"ஆமே, ஆமே. வா."

குறிப்பேட்டை விரித்து மேசையில் வைத்தாள். மேட்ரன் மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பவர் போல விரல் வைத்து இரண்டு தரம் படித்தார்.

"அழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"எம் பொட்டிக்குக் கடவுச்சொல் வச்சது யாரு?"

"யாரும் வைக்கலம்மா. கம்பெனிலேர்ந்து வந்தப்ப இருந்ததுதான்."

மேட்ரன் பேனாவை எடுத்தார். அராபா எழுதியதன் கீழே நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

"புதுசா வைக்கணும். எங்கன்னு காட்டு."

அராபா காட்டினாள். மேட்ரனின் இரண்டு விரல்கள் எழுத்துகளைத் தேடத் தொடங்கியதும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.