என் கையெழுத்தைத் தேடினார்கள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான் சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருக்கும். போய்க் கேட்டால், "இப்பத்தானுங்க போயிட்டு வந்தீங்க?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். மாசமாக இருந்த ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மனு எழுதினேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். பெயர் போடாமல், 'இப்படிக்கு, பெண் தொழிலாளர்கள்' என்று முடித்துத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினோம்.

விசாரிக்க யாரும் வரவில்லை. பத்து நாள் கழித்து மேனேஜர் எங்கள் மேசைக்கு வந்தார். அவர் கையில் என் மனு இருந்தது. நகல்கூட இல்லை, அலுவலக முத்திரை குத்திய அதே தாள். பூட்டுப் போட்டவர்களின் புத்தி எனக்குப் புரிகிறது. எந்திரம் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்களுக்காக என்றே அரசாங்கம் உட்கார வைத்த ஒருவர், அந்தத் தாளை மடித்துக் கம்பெனிக்கே கொடுத்தனுப்பினாரே, அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. 'கம்பெனியில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை'ன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருங்க," என்றார் மேனேஜர்.

மனுவின் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கத்தான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வரிசையில் முதல் ஆள் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுந்து நின்று வேதம் வாசிப்பவர். பேனாவைத் தொடாமல், "எனக்கு எழுத வராது, சார். கைநாட்டுதான்," என்றார்.

"படிச்சவங்கன்னு சொன்னாங்களே?"

"யாரோ தப்பாச் சொல்லியிருக்காவ."

மைப்பெட்டி வந்தது. அக்கா கட்டைவிரலை அழுத்திவிட்டு நகர்ந்தார். அடுத்து நின்றவள் பத்தாவது பாஸானவள். அவளும், "எனக்கும் வராதுங்க," என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. என் முறை வந்தபோது நானும் விரலை நீட்டினேன். கைநாட்டுத் தாள்களை அள்ளிக்கொண்டு மேனேஜர் போனார்.

மறுநாள் காலை அக்காவை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் அவர் பக்கத்தில் போய், "நாந்தான் எழுதுனேன்னு உள்ள போய்ச் சொல்லிடறேனுங்க அக்கா," என்றேன்.

"சும்மா இரிட்டி. ரெண்டு பேரும் வெளிய நின்னா அவனுவளுக்குத்தான் கொண்டாட்டம். உள்ள போ."

போய்விட்டேன். அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்றிலிருந்து சாவி கேட்க யாரும் தனியாகப் போகவில்லை. ஒருத்தி எழுந்தால் ஐந்து பேர் எழுந்தோம். ஒரு வாரத்தில் சூப்பர்வைசர் சலித்துப்போய்ச் சாவியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். பூட்டு என்னவோ அப்படியே இருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். வேலம்பாளையத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தார். மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.