வரைபடத்தில் இல்லாத பதினான்கு படிகள்

மூன்றாம் வார்டு உறுப்பினரை ஊரில் யாரும் உறுப்பினர் என்று அழைப்பதில்லை. ஜெராக்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒன்பதடி அகலத்தில் அவருடைய கடை. ஒரு நகல் இயந்திரம், லேமினேஷன் போடும் பெட்டி, ஸ்பைரல் பைண்டிங்குக்குத் துளை போடும் கருவி, அவ்வளவுதான் உள்ளே. நகலெடுக்கக் கொடுத்த தாளை அப்படியே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. படித்துவிடுவார். படித்தால் சும்மா இருக்க மாட்டார். “இந்த மனுவ அந்த ஆபீசுக்கா எழுதியிருக்கீங்க? வாங்கி மேசை மேல வெச்சுக்குவாங்க, அதோட சரி. மாடியில இன்னொரு ஆபீஸ் இருக்கு, அங்க குடுங்க” என்பார். பல வருடம் இப்படி அடுத்தவர் மனுக்களைப் படித்ததன் விளைவு, ஒருநாள் அவரையே தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். நின்றார், ஜெயித்தார்.

சிறந்த உறுப்பினர் என்று அவரைச் சொல்ல ஆதாரம் அதிகம் இல்லை. மூன்று ஆண்டுகளில் அவர் முன்மொழிந்து நிறைவேறிய தீர்மானம் ஒன்றே ஒன்று. சரிவுத் தெருவை ஒருவழிப் பாதையாக்கியது. மேட்டுக் குடியிருப்பிலிருந்து கடைவீதிக்கு இறங்கும் குறுகலான தெரு அது. காலையில் பேருந்தும் பள்ளி வேனும் அதில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால், யார் பின்வாங்குவது என்று முடிவாவதற்குள் பள்ளியில் முதல் மணி அடித்துவிடும். அந்தப் பேருந்தை ஓட்டுகிறவர் அக்காவின் கணவர். “உன் மூஞ்சிய விட அந்த வேன்காரன் மூஞ்சியத்தான் நான் தினம் அதிக நேரம் பாக்கறேன்” என்று அவர் வீட்டில் புலம்பிப் புலம்பித்தான் அக்காவுக்கு அந்த யோசனையே வந்தது.

நகர மன்றக் கூடத்தின் சுவரில் ஊரின் வரைபடம் மாட்டியிருக்கிறது. அக்கா அதில் விரல் வைத்துக் காட்டினார். தெருவில் எல்லா வண்டிகளும் இறங்க மட்டும் செய்யும். மேலே போகும் பெரிய வண்டிகள் சுற்றுச்சாலையில் போகும். சின்ன வண்டிகள் தெருவை ஒட்டியிருக்கும் பக்கச் சந்தில் ஏறும். பதினொரு உறுப்பினர்களும் விரல் போன வழியைப் பார்த்தார்கள். பதினொரு கைகளும் உயர்ந்தன.

தீர்மானம் அமலான நான்காம் நாள், தண்ணீர் கேன் போடுகிறவர் கடைக்கு வந்தார். மூன்று சக்கர மிதிவண்டியில் இருபது கேன்களை அடுக்கி வீடு வீடாகப் போடுகிற மனிதர். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

“மெம்பரம்மா, இதுல ஒரு காப்பி எடுங்க. எங்க மனு குடுக்கணும்னும் நீங்களே சொல்லிடுங்க.”

அக்கா படித்தார். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் ஏறியதற்கு இரண்டாவது எச்சரிக்கை. இன்னொரு முறை ஏறினால் வண்டி பறிமுதல்.

“நீங்க எதுக்குத் தெருவுல ஏறுறீங்க? உங்கள மாதிரி வண்டிக்குத்தானே பக்கச் சந்த விட்டிருக்கோம்?”

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். விளையாடுகிறாரா என்று யோசித்திருப்பார் போலும்.

“ஏறலாமே. கேனை நான் தூக்கிக்கறேன். வண்டிய நீங்க தூக்கிட்டு வாங்க.”

“ஏன், என்னாச்சு?”

“நடுவுல பதினாலு படி இருக்கும்மா.”

அக்கா அந்தப் படிகளில் தினமும் இறங்கித்தான் கடைக்கு வருகிறார். மாலையில் அவற்றில் ஏறித்தான் வீட்டுக்குப் போகிறார். ஏழாவது படியின் விளிம்பு உடைந்திருப்பதும், மழை பெய்தால் கீழே மூன்று படிகள் வழுக்குவதும் அவருக்குத் தெரியும். தீர்மானத்தை எழுதியபோது மட்டும் தெரியவில்லை.

“சுத்துச்சாலையில போனா?”

“மூணு மைல், அத்தனையும் மேடு. நான் மிதிச்சு மேல போறதுக்குள்ள வேற ஒருத்தன் மோட்டார் வண்டியில கேனை இறக்கிட்டு வீட்டுக்கே போயிருப்பான். மேல எனக்கு அறுபது வீடு. கீழ பன்னெண்டு. அறுபதும் போச்சுன்னா பொழப்பே போச்சு.”

வேறொருவராக இருந்தால் முதலில் வெட்கப்பட்டிருப்பார். அக்காவுக்கு வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வியப்பு. காலுக்குத் தெரிந்த ஒன்று, கை உயரும்போது எங்கே போயிற்று? அதுவும் ஒரு கை அல்ல, பதினொரு கைகள். தெரிந்ததை மறப்பது வேறு, தெரிந்துகொண்டே தெரியாமல் இருப்பது வேறு. இரண்டாவது எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

முதலில் அகப்பட்டவர் ஐந்தாம் வார்டு உறுப்பினர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஏதோ சான்றிதழ் நகலெடுக்க வந்தவரை அக்கா பிடித்துக்கொண்டார்.

“சார், அன்னைக்குக் கை தூக்கினீங்களே, அப்ப அந்தச் சந்து உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எப்படின்னா? ரெண்டு கோடாத் தெரிஞ்சுது.”

“படி?”

“எந்தப் படி?” என்றவர் சட்டென்று முழங்காலைத் தொட்டுக்கொண்டார். “அடடா! நேத்துக்கூட முனகிக்கிட்டே ஏறினேனே! அன்னைக்கு மன்றத்துல கால மேசைக்குக் கீழ வெச்சுட்டு வெறும் தலையோட உக்காந்திருந்திருக்கேன் போல.”

கணவரிடம் கேட்டபோது அவர் சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னார். “நான் என்ன பஸ்ஸ அந்தச் சந்துலயா ஏத்தப் போறேன்? எனக்கு எதுக்கு அது ஞாபகம் வரணும்?” கேட்ட பதில்களில் இதுதான் அக்காவை அதிகம் தொந்தரவு செய்தது. அதில் பொய் இல்லை என்பதுதான் காரணம்.

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு மன்றக் கூடத்துக்குப் போனார். நாற்காலி மேல் ஏறி வரைபடத்தைக் கிட்டத்தில் பார்த்தார். சந்து கீழிருந்து மேல்வரை தடையில்லாமல் ஓடியது. படிகள் இல்லை. ஆனால் சந்தின் நடுவே குறுக்காக மெல்லிய ஒரு வெட்டு தெரிந்தது. தாளோடு தாள் சேர்த்து ஒட்டிய இடம்.

“இதோட அசல் இருக்கா?” என்று எழுத்தரிடம் கேட்டார்.

எழுத்தர் ஆவண அறையிலிருந்து துணி ஒட்டிய பெரிய சுருள் ஒன்றைத் தூசியோடு தூக்கி வந்து மேசையில் விரித்தார். அதில் சந்தின் நடுவே, சீப்பின் பற்களைப் போல நெருக்கமாகச் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் இருந்தன. படிகள்.

“அப்ப சுவத்துல இருக்கற காப்பிய எடுத்தது யாரு?”

எழுத்தர் சிரித்துவிட்டார். “என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? அசல் கிழியுதுன்னு ஏழு வருசம் முன்னாடி நான்தானே உங்க கடைக்குக் கொண்டு வந்தேன்! சேத்த இடமே தெரியலன்னு அன்னைக்கு உங்கள அவ்வளவு பாராட்டினேனே!”

அக்காவுக்கு நினைவு வந்தது. இயந்திரம் வாங்கிய முதல் வாரம் அது. எந்த நகல் இயந்திரமும் தாளின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு அச்சிடாமல் விட்டுவிடும். அதனால் பெரிய படத்தைத் துண்டு துண்டாக எடுக்கும்போது, ஒவ்வொரு துண்டிலும் அடுத்ததன் பகுதி கொஞ்சம் விழும்படி நகர்த்தி வைக்க வேண்டும். தொழில் பழகியவர்களுக்கு இது கை தானாகச் செய்கிற வேலை. அந்த வாரம் அவர் கை இன்னும் பழகவில்லை. நான்கு துண்டாக எடுத்து, வெள்ளை ஓரங்களை வெட்டி, கோட்டுக்குக் கோடு சரியாகப் பொருத்தி ஒட்டிவிட்டார். சந்து நேர்க்கோடு, ஆகவே அழகாகப் பொருந்தியது. விட்டுப்போன அந்தக் கீற்றில்தான் பதினான்கு படிகளும் இருந்தன.

நகர மன்றத் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் எதையும் பெரிதாக்காத மனிதர். நல்ல குணம்தான், ஆனால் பெரிதாக வேண்டியதையும் அவர் சின்னதாக்கிவிடுவார்.

“இதுக்குப் போய் ஏம்மா கவலைப்படறீங்க? போக்குவரத்துக் காவலர்கிட்ட நான் சொல்லிடறேன். அந்த ஆள் ஏறும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும்.”

“அவரு வேற ஊருக்கு மாறிப் போயிட்டா?”

“புதுசா வர்றவர்கிட்டயும் சொல்லுவோம்.”

“நீங்க மாறிப் போயிட்டா?”

“அதுக்குள்ள என்னை அனுப்பி வெச்சுட்டீங்களே!” என்று தலைவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. ஒருவர் திரும்பி நிற்பதை நம்பி ஒரு மனிதன் தினமும் வண்டி மிதிப்பது உரிமை ஆகாது என்று அவருக்குப் பட்டது. திரும்பியவர் என்றைக்கு வேண்டுமானாலும் இந்தப் பக்கம் திரும்பலாம்.

முறைப்படி செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. நிறைவேறிய தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டுமென்றால், முன்மொழிந்தவரே அதில் தவறு இருப்பதாக எழுதித் தர வேண்டும். எடுத்த பிறகு அது திருத்தத்தோடு நிற்குமா, மொத்தமாக விழுமா என்பது வாக்கைப் பொறுத்தது. ஒருவழிப் பாதையால் கடைவீதிக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டதாக நான்கைந்து உறுப்பினர்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதையும் நீயே போய்க் கலைக்கப் போறியா?” என்றார் கணவர். “அடுத்த தேர்தல்ல என்னன்னு சொல்லி ஓட்டு கேப்ப?”

“தெரியலங்க. அத அப்புறமா யோசிக்கணும்.”

கூட்டம் நடந்தது. எழுத்தர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்: “மேடம், காரணம்ங்கற இடத்துல நிர்வாகக் காரணங்களால்னு போட்டுடட்டுமா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.”

“வேணாம். நான் சொல்றேன், எழுதுங்க. சந்தில் பதினான்கு படிகள் இருப்பதை முன்மொழிந்தவர் கவனிக்கவில்லை. வரைபட நகலில் அவை விடுபட்டதற்கும் அவரே பொறுப்பு.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. கணக்கு வாத்தியார் கையை உயர்த்தினார். “நாங்களுந்தானேம்மா கை தூக்கினோம். உறுப்பினர்கள் யாரும் கவனிக்கவில்லைன்னு எழுதிக்குங்க.”

“உங்க முட்டி வலிய எங்க தலையில கட்டாதீங்க சார்” என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. வாத்தியாரின் யோசனையை யாரும் வழிமொழியவில்லை. அக்கா சொன்ன வாசகம் மட்டும் குறிப்பேட்டில் ஏறியது.

முதலில், ஒருவழிப் பாதையை அடியோடு ரத்து செய்யலாமா என்று தலைவர் கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன. பிறகு, மிதிவண்டிகளுக்கும் மூன்று சக்கர மிதிவண்டிகளுக்கும் மட்டும் விலக்கு அளித்துப் பாதையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்காவின் கையோடு சேர்த்து ஐந்து கைகள் எழுந்தன. வாத்தியார் மட்டும் எதற்கும் கை தூக்காமல், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அக்கா எட்டிப் பார்த்தார்.

“சார்?” என்றார் தலைவர்.

“இருங்க, ஏறிக்கிட்டிருக்கேன்” என்றார் வாத்தியார். பிறகு கண்ணைத் திறந்து கையைத் தூக்கினார்.

திங்கட்கிழமையிலிருந்து தண்ணீர் கேன் வண்டி சரிவுத் தெருவில் முறைப்படி ஏறியது. அன்று மாலை கணவர் முகம் கழுவாமலே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“உன்னோட திருத்தம் இன்னைக்கு என் பஸ்ஸுக்கு எதிர்ல வந்துச்சு. இருபது கேனோட. வளைவுல அந்த ஆள் ஒதுங்கற வரைக்கும் நாலு நிமிஷம் நிக்க வெச்சுட்டான்.”

அக்கா அடுப்பை அணைத்தார். தோளிலிருந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

“நாலு நிமிஷமா? மணி பாத்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா? எந்த வளைவு?”