மனு கொடுத்தவனைப் பிடி

எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாற ஆரம்பித்தபோது எனக்கு எட்டு வயது. இராசிபுரம் போகும் சாலையில் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு ஜவ்வரிசி ஆலை இருந்தது. எங்கள் பக்கத்தில் அதைச் சேகோ பேக்டரி என்பார்கள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் புளித்த தண்ணீரை ஓடையில் விடுவார்கள். ஓடை எங்கள் கிணற்றை ஒட்டிப் போனது. முதலில் மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. பிறகு அதில் குளித்த என் கையெல்லாம் சொறி கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். நானோ பெஞ்சு முழுக்க எனக்கே கிடைத்ததென்று மகிழ்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அப்பா மட்டுமல்ல, ஊரே அந்த ஆலையை நம்பித்தான் கிழங்கு போட்டிருந்தது. "பேக்டரி நாறுனாத்தான் நம்மூட்டு அடுப்பு எரியும்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை, திருச்செங்கோட்டு மலைக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னை நாமக்கல் பஸ்ஸில் ஏற்றினாள். கூடைக்குள் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்கள் அங்கே வந்து மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வதுண்டாம். அதனால் எல்லார் பையையும் சோதித்தார்கள். மக்கள் குறையை அரசாங்கம் வாசலிலேயே முகர்ந்து பார்த்துவிடும் ஏற்பாடு அது. ஒரு பெண் போலீஸ் எங்கள் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். உடனே முகத்தைச் சுளித்து அதைத் தூர நீட்டினார்.

"என்னம்மா இது? இதுக்கு மண்ணெண்ணெயே தேவலாம்."

"எங்க கெணத்துத் தண்ணிங்க மேடம். புள்ளை இதுலதான் குளிக்கறா" என்று அம்மா என் சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். அவர் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களை வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. வெளியே வந்ததும் அம்மா எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு விபூதிப் பொட்டலமும் வாங்கினாள். அப்பா அதைப் பக்தியோடு பூசிக்கொண்டார்.

எத்தனையோ மனுக்கள் எங்கெங்கோ தூங்கும் நாட்டில், அம்மாவுடையது மட்டும் விழித்துக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஆலைக்குக் கரண்ட்டைத் துண்டித்துக் கேட்டுக்குச் சீல் வைத்தார்கள். அது கிழங்கு பிடுங்கும் மாதம். பிடுங்கிய குச்சிக்கிழங்கு இரண்டு நாளைக்குமேல் தாங்காது, கறுத்துவிடும். எங்கள் தோட்டத்திலும் பிடுங்கிய கிழங்கு குவிந்து கிடந்தது, ஏற்ற லாரி வரவில்லை. அப்பா குவியலருகே போவார், ஒரு கிழங்கை ஒடித்துப் பார்ப்பார், போட்டுவிட்டுத் திரும்புவார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுவாள்.

கடைசியில் ஊரே திரண்டு சாலையை மறித்தது. பெண்களை முன்னால் உட்காரவைத்தால் போலீஸ் கைவைக்காது என்பது எங்கள் ஊர் ஆண்களின் வீரம். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவளை ஒட்டி நான். பின்னாலிருந்து கோஷம் எடுத்துக் கொடுத்தார்கள். "திற திற, ஆலையைத் திற! பிடி பிடி, பொய் மனு கொடுத்தவனைப் பிடி!" கொடுத்தவன் கையில் கிடைத்தால் ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒவ்வொருவன்மேலும் சந்தேகப்பட்டார்கள். ஒரு பெண் போய்க் கொடுத்திருப்பாள் என்று எவருக்கும் தோன்றவில்லை.

பெண்களைக் கிளப்பப் பெண் போலீஸ் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கியவர் சட்டென்று நின்றார். பாட்டிலை முகர்ந்த அதே போலீஸ்.

"ஏம்மா, அன்னைக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் பாட்டில்ல தண்ணி கொண்டாந்தது நீதானே?"

பக்கத்தில் கோஷம் நின்றது. தலைகள் திரும்பின. சாலை ஓரத்தில் ஆண்களோடு நின்ற அப்பாவும் திரும்பினார்.

"நானுங்களா? கலெக்டர் ஆபீசு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதுங்க மேடம்."

பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று என்னை மிரட்டுகிற அம்மா சொன்ன பதில் அது. நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைத் தன் சேலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அந்தப் போலீஸ் அம்மாவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார்.

"அது வேற யாரோ. எல்லாரும் ஒரே சாடையா இருக்கறீங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனார். இவ்வளவு ஞாபக மறதி உள்ளவருக்கு எப்படிப் போலீஸ் வேலை கொடுத்தார்கள் என்று நான் நினைத்தேன்.

அதன் பிறகு அம்மாவின் குரல்தான் எல்லாரையும்விட ஓங்கிக் கேட்டது. "பிடி பிடி, பொய் மனு கொடுத்தவனைப் பிடி!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானும் சேர்ந்து கத்தினேன்.

மாலையில் ஓர் அதிகாரி வந்தார். கழிவுநீருக்குச் சீக்கிரமே தொட்டி கட்டப்படும் என்றார், சீலை உடைத்தார். மூடும்போது கிழங்கு எங்கே போகும் என்று அதிகாரிகள் கேட்கவில்லை. திறக்கும்போது தண்ணீர் எங்கே போகும் என்றும் கேட்கவில்லை. தொட்டி இன்றுவரை வரவில்லை. அன்றைக்கோ ஊரில் வெடி வெடித்தார்கள். "உன்ற ஊட்டுக்காரி கத்துன கத்துலதானப்பா ஆபீசரே வழிக்கு வந்தாரு" என்று ஒருவர் அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா சிரித்தார்.

மறுநாள் காலையில் அம்மா அதே கிணற்றுத் தண்ணீரை இறைத்து என்னைக் குளிப்பாட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. கோஷம் போட்டுப் போட்டு எங்கள் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று, கேட்டவர்களிடமெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.