தாவீது அண்ணனும் நின்றுகொண்டிருந்த வண்டியும்

தாவீது அண்ணன் இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. 'டயாலிசிஸ் வண்டி' என்று பெயர் வைத்து அவரே தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. பல மாதங்களாக அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், அவர் பெயரைத் திரையில் கண்டதும் பழைய பழக்கத்தில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டேன். பிறகுதான் படித்தேன். "அப்பா இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். நாளைக்கு அடக்கம்" என்று அவர் மகள் எஸ்தர் எழுதியிருந்தாள்.

அந்த வண்டியில் ஏறியவர்கள் நாங்கள் சிலர்தான். ஏறியவர்களில் இன்று இல்லாதவர்களும் உண்டு. மிச்சமிருப்பவர்களுக்காகவும், அவரைத் தெரியாமலே அவர் வண்டியை ஜிஎஸ்டி சாலையில் கடந்து போனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவர் அனகாபுத்தூர்க்காரர். கடன் வாங்கி வாங்கிய ஒரு வாடகைக் கார் அவருக்குச் சொந்தமாக இருந்தது. என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று ஆனபோது, யாரோ சொல்லி அவர் இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் முடிச்சூரில் குமரேசனை ஏற்றிக்கொள்வார். குமரேசன் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன், முப்பது வயதுகூட ஆகாத பையன், அவனுக்கும் அதே நோய். அப்புறம் எங்களை ஏற்றிக்கொண்டு சேலையூரில் இருந்த மருத்துவமனைக்குப் போவார். இருவரும் இயந்திரத்தில் படுத்திருக்கும் நேரத்தில் பக்கத்திலேயே ஒன்றிரண்டு சவாரி பார்த்துவிட்டு, ஊசியை எடுக்கும் நேரத்துக்குச் சரியாக வாசலில் நிற்பார். நான் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு டீச்சர் என்று பெயர். என் கணவர் சார்.

அவரை நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவருக்கே பிடிக்காது. ஓயாமல் பேசுவார். ஏசி போடச் சொன்னால் முகம் மாறிவிடும். வழி சொன்னால் அறவே பிடிக்காது. ஒருமுறை இடது பக்கம் திரும்பினால் சீக்கிரம் போகலாமே என்று சொல்லிவிட்டேன். வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்த்து, "நீங்க ஓட்றீங்களா டீச்சர்?" என்றார். பின்சீட்டில் என் கணவர் அன்று சிரித்த சிரிப்பு, நோய் வந்த பிறகு அவரிடம் நான் அபூர்வமாகக் கேட்ட ஒன்று. எதையும் தள்ளிப்போடும் குணமும் அண்ணனிடம் இருந்தது. 'அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

வாடகை வண்டிகளை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் குறித்த காலத்துக்குள் காட்டி, சாலையில் ஓடத் தகுதியானது என்று சான்று வாங்க வேண்டும். எஃப்சி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். காட்டுவதற்கு முன் டிங்கரிங், பெயின்ட் என்று சில நாள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டியிருக்கும். அந்த வருடம் அவர் ஒழுங்காகத்தான் விட்டார். தனக்குப் பதிலாக வரச் சொல்லி ஒரு உறவுக்காரரிடமும் பேசி வைத்திருந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூரில் முழங்கால் அளவு தண்ணீர் என்றதும் அந்த உறவுக்காரர் போனை எடுக்கவில்லை. ஆன்லைனில் கூப்பிட்ட கார்களும் வரவில்லை. தாவீது அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பாதி பெயின்ட் அடித்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு கதவு மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே நடந்து போய்க் குமரேசனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். ஊசி குத்தும் கையில் அழுக்குத் தண்ணீர் படக்கூடாது என்று அந்தக் கையை வழி நெடுகத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு வந்ததாகக் குமரேசன் சொன்னான்.

மழை விட்டது. எஃப்சி தேதி அதற்குள் தாண்டியிருந்தது. வண்டி மறுபடி பட்டறைக்குப் போனால் இவர்களை யார் கூட்டிப்போவது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சாம்பல் நிறக் கதவோடு வண்டி ஓடியது.

விபத்து நடந்தபோது வண்டி ஓடவே இல்லை. காலையில் ஜிஎஸ்டி சாலையில் நெரிசல். எங்களுக்கு முன்னால் வரிசையாக வண்டிகள், நாங்களும் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் வந்த தண்ணீர் லாரி பிரேக் பிடிக்காமல் வந்து மோதியது. டிக்கி பின்சீட்டு வரை உள்ளே வந்துவிட்டது. எங்களில் யாருக்கும் பெரிய அடி இல்லை. அண்ணனின் நெற்றி மட்டும் ஸ்டியரிங்கில் மோதி வீங்கியிருந்தது. கூட்டம் கூடியது. லாரி ஓட்டி வந்த இளைஞன் இறங்கி வந்து கும்பிட்டபடி நின்றான். போக்குவரத்துக் காவலர் ஒருவர், இரண்டு வண்டியையும் ஓரம் கட்டுங்கள், ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும், யாரும் நகரக் கூடாது என்றார். அண்ணன் என் கணவரைப் பார்த்தார். இரண்டு நாளாகச் சேர்ந்த நீரில் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு ஏற்கெனவே இரைத்துக்கொண்டிருந்தது. நேரம் தவறினால் அந்தப் படுக்கையை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"கம்ப்ளெயின்ட் அப்பறம் குடுத்துக்கலாம் சார். மிஷினு நமக்காகக் காத்துக்கினு இருக்காது" என்று காவலரிடம் சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றி, தானும் ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மருத்துவமனை வரை வந்தார். இருவரையும் படுக்கையில் விட்ட பிறகே திரும்பிப் போனார். அங்கே லாரி இல்லை. அந்தக் காவலரும் பணி முடிந்து போயிருந்தார். லாரியின் எண்ணை நாங்கள் யாரும் பார்த்து வைத்திருக்கவில்லை. ஓரமாகத் தள்ளப்பட்ட அவருடைய கார் மட்டும் இருந்தது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தும் இடித்த லாரி கிடைக்காததால், அவர் தன் வண்டிக்குக் கட்டியிருந்த இன்ஷூரன்ஸ் ஒன்றுதான் மிச்சம். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். ஆர்.சி., லைசென்ஸ், பெர்மிட், எஃப்சி என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாகக் கேட்ட எஃப்சி மட்டும் அவரிடம் இல்லை. சில வாரங்களில், விபத்து நடந்த அன்று தகுதிச் சான்று நடப்பில் இல்லாததால் இழப்பீடு வழங்க இயலாது என்று கடிதம் வந்தது.

அவரோடு நானும் அந்த இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். எங்களோடு பேசியது ஒரு இளம்பெண் அதிகாரி. கோப்பை முழுவதும் படித்திருந்தாள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

"நின்னுகினு இருந்த வண்டிம்மா" என்றார் அண்ணன். "எஃப்சி இல்லாதது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா எஃப்சி இருந்திருந்தா அவன் இடிக்காம பூட்டிருப்பானா?"

அந்தப் பெண் கோப்பை மூடி வைத்தாள். "நீங்க சொல்றது நியாயம்தாண்ணா. வண்டி ஓடுச்சா நின்னுதான்னு இங்க பார்க்கறதில்ல. அன்னிக்கு எஃப்சி இருந்துதான்னுதான் பார்க்கறாங்க. இல்லேன்னா என்னால அப்ரூவ் பண்ண முடியாது."

பணம் கட்டியபோது எஃப்சி இருக்கிறதா என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். பாலிசி போடும்போது அதைப் பார்ப்பதில்லை மேடம் என்றாள். சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள். என் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணன்தான் என்னை எழுப்பி வெளியே கூட்டிவந்தார். படியில் இறங்கும்போது, "அந்தப் பொண்ணு இன்னா பண்ணும் டீச்சர், அது வேலைய அது பாக்குது" என்றார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மேலிடத்துக்கு எழுதினோம். முன்பு சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொல்லிப் பதில் வந்தது. தாம்பரத்தில் ஒரு வக்கீல் நுகர்வோர் வழக்குப் போடலாம், ஒரு பகுதியாவது கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் நாளாகும் என்றார். "கேஸு முடியற வரைக்கும் நான் எதை ஓட்றது?" என்று அண்ணன் கேட்டார். ஆனாலும் வழக்குப் போட்டோம். வாய்தாவுக்கு மேல் வாய்தா. இதற்கிடையில் வங்கித் தவணை நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற காரை, கடனைக் கொஞ்சமாவது அடைக்கலாம் என்று வங்கியிடம் கேட்டுக்கொண்டு காயலான் கடைக்குக் கொடுத்தார். அன்று நான் போகவில்லை. போன குமரேசன், அண்ணன் சாமிப் படத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார், வேறு எதையும் தொடவில்லை என்றான்.

பிறகு ஒரு கம்பெனி வண்டியில், ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நேரம் காலம் இல்லாத வேலை. உடம்பு கெட்டுப்போனது எங்களுக்கே தெரிந்தது. சொன்னால் சிரிப்பார். எங்களுக்கு வேறொரு கார் அமைந்தது. ஆனாலும் டயாலிசிஸ் நாள்களில் காலையில் அவரிடமிருந்து போன் வரும். வண்டி வந்ததா, சார் சாப்பிட்டாரா, அவ்வளவுதான் கேட்பார். போன வருடம் என் கணவர் காலமானபோது, வேலையிலிருந்து நேராகச் சீருடையோடு வந்து, கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தார்.

அனகாபுத்தூரில் அவரை அடக்கம் செய்தபோது பெட்டியைத் தூக்கக் குமரேசனும் கை கொடுத்தான். ஊசி குத்தும் கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால் மற்றக் கையை மட்டும். எஸ்தர் என்னிடம் வந்து, வழக்கு இனி என்ன ஆகும், நடத்துவதா விடுவதா என்று கேட்டாள். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் பெயரில் தொடரலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மறுபடி வாய்தா போட்டிருக்கிறார்கள்.

அவர் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் நான் நிற்பதைப் பார்த்து அவர் கம்பெனி வண்டியை நிறுத்தினார். வெளியாளை ஏற்றக் கூடாதாம். ஏற்றிக்கொண்டார். அன்று அதிகம் பேசவில்லை. எங்கள் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

"நான் அன்னிக்கு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவாம, அந்த லாரிகாரன்கிட்டவே நின்னிருந்தா சாருக்கு இன்னா ஆயிருக்கும் டீச்சர்?"

ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை தவறினால் உயிர் போயிருக்காது. ஆனால் படுக்க முடியாமல், மூச்சுக்குத் தவித்து, அடுத்த முறை வரை உட்கார்ந்தே கிடந்திருப்பார். அதைத்தான் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்தார். "அப்போ சரி" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். கார், கடன், வழக்கு எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, என் கணவர் மூச்சுத் திணறாமல் இருந்ததை இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது அது. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் சரியாக வரவில்லை.