‘எனக்கென்ன பயம்’ என்பதை மொழிபெயர்த்தவர்

போன வாரம் வியாழக்கிழமை காலை லண்டன் ஹரோவில் எங்கள் கோயில் மடைப்பள்ளியில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் கணவர், கடைக்கார ரஞ்சி, ஐயரின் மனைவி சாரதா அம்மா. ஐந்தாவதாகத் தவமலர் அக்கா வரவேண்டும். பூசணிக்காய் வெட்டுவது அவருடைய வேலை என்பதால் அதைத் தொடாமல் வைத்திருந்தோம். ஒன்பதரைக்கு அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “அன்ரி, அம்மா போயிட்டா” என்றாள். நித்திரையிலேயே போயிருக்கிறார். அன்றைக்கு அந்தக் காயை ஒருவரும் வெட்டவில்லை.

அக்காவை நான் அறியுமுன்னே என் கணவர் அறிவார். குரோய்டனில் அவருடைய அகதி விண்ணப்ப விசாரணைக்கு மொழிபெயர்க்க வந்தவர் அக்காதான். திரும்பிப் போகப் பயமா என்று அதிகாரி கேட்டாராம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் எங்கள் ஊர் ஆம்பிளை என்ன சொல்வார்? “எனக்கென்ன பயம்” என்றிருக்கிறார். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் மொழிபெயர்ப்பாளரின் கடமை. அக்காவும் அப்படியே சொன்னார். இனம், மதம், கொள்கை போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு நாட்டுக்கு வெளியே நிற்பவரே சட்டப்படி அகதி. அச்சமில்லை என்று அவரே சொன்னதாக எழுதி விண்ணப்பத்தை மறுத்தார்கள். மேன்முறையீட்டில் வெல்ல இரண்டு வருடம் போனது. அதுவரை நான் யாழ்ப்பாணத்தில் தனியே காத்திருந்தேன்.

பல வருடங்களின் பின் அன்னதான வரிசையில் அக்கா அவரை அடையாளம் கண்டார். கையில் தட்டோடு நின்றபடியே, “அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொன்னதைத்தான் நான் சொன்னனான்” என்றார். இவர் சிரித்தார். “தங்கச்சி, நீங்கள் பிழை விடேல்லை. என்ர மீசைதான் பிழை விட்டது.” அக்கா சிரிக்கவில்லை. “பயமெண்டால் பயமெண்டு சொல்லவேணும், அண்ணை. சட்டமே அதைத்தானே கேக்குது” என்றார்.

ஒரு அகதிக் குடும்பத்தை நாங்களே பொறுப்பேற்று அழைப்போம் என்று போன வருடம் தொடங்கிவைத்தவரும் அவர்தான். வீடு பார்க்கவேண்டும், கவுன்சிலின் சம்மதம் வேண்டும், பள்ளிக்கூடம், டொக்டர், ஆங்கில வகுப்பு எல்லாம் நம் கையில். ரஞ்சி தன் கடைக்கு மேலுள்ள வீட்டைத் தந்தாள். தந்துவிட்டு, வெளியாட்களுக்குப் பதிலாக வவுனியாவில் வீடிழந்து கிடக்கும் என் தங்கையின் குடும்பத்தைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டாள். கூடப்பிறந்தவளை நினைத்து என் மனதிலும் அதுவே இருந்தது. சொந்த மண்ணுக்குள் அலைபவர் இடம்பெயர்ந்தவர், எல்லை தாண்டினால்தான் அகதி என்று அக்கா விளக்கினார். இங்கே பேர் சொல்லி அழைக்கவும் முடியாது, ஐ.நா. முகாமில் பதிந்தவர்களிலிருந்துதான் அனுப்புவார்கள் என்றார்.

“அப்ப கலியாணம் பேசிற மாதிரிப் படமாவது பாக்கேலாதோ?” என்றாள் ரஞ்சி.

“ஏலாது. உன்னை இந்த நாட்டுக்காரர் படம் பாத்தே எடுத்தவை?”

அன்றிரவு தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை. பக்கத்திலேயே இருந்தார்.

வருகிறவர்களிடம் நடந்ததைத் துருவிக் கேட்கக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே விதி. “எல்லாக் கேள்விக்கும் அவை பதில் சொல்லிப்போட்டுத்தான் வருவினம். நாங்கள் தேத்தண்ணி குடுத்தால் காணும்” என்பார்.

சூடானிலிருந்து ஓடி, அயல்நாட்டு முகாமொன்றில் இருக்கும் ஐந்து பேரை எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அக்கா போனதை அறிவித்தோம். அக்கா தனியே ஏற்றிருந்த பொறுப்புக்கு இனி இருவரின் பெயரைத் தரவேண்டும், தராவிட்டால் இந்த ஒழுங்கு கைவிடப்படும் என்று அரசிடமிருந்து பதிலும் படிவமும் வந்திருக்கின்றன. அந்த ஐவரும் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவார்கள்.

படிவத்தின் முதற் கோட்டில் என் பெயரை எழுதிவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவளல்ல. கடிதங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைக் கூசாமல் சொல்லலாம் என்பதையே அக்காவிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். அவருடைய ஆன்மா இறைவன் திருவடியில் அமைதி கொள்ளட்டும்.

இரண்டாவது கோடு வெறுமையாக இருக்கிறது. அக்காவை அறிந்த உங்களில் யார் எழுதுகிறீர்கள்? ஞாயிறு பூசைக்கு முன் பதில் சொல்லுங்கள்.