வேப்பிலை வாசலில் கேட்ட வசவு

நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவனில்லை. வெறுங்கையோடு சாயல்குடிக்கு வந்து சொந்த உப்பளம் போட்டவன். எதற்கும் அசையாத என்னைப் பெரியம்மை ஓர் அறைக்குள் ஒடுக்கிவிட்டது.

மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டேன். வாசலில் வேப்பிலை செருகியதும் தெருவே விலகிப்போனது. கஞ்சி கொண்டுவரும் உறவுக்காரப் பெண்மணியும் பேசாமல் வைத்துவிட்டுப் போவார். அம்மை வீட்டில் சத்தம் கூடாதாம். கொப்புளம் காய்ந்த பிறகும் எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. நான் சம்பாதித்ததெல்லாம் யாருக்கு, இனி இருந்து என்ன என்றே மனம் அரற்றியது. ஒரு நடுப்பகலில் உயிரை விடத் துணிந்து கொல்லைக் கிணற்றுக்கு நடந்தேன்.

அப்போது தெருவில் முனியசாமியின் குரல் கேட்டது. அடுத்த அளத்துக்காரன், எனக்கு ஆகாதவன்.

“ஏலே, இருக்கியா செத்துட்டியா? உன் வாய்க்கா உடைஞ்சு எம் பாத்தியெல்லாம் பாழாப்போச்சு!”

“வெட்டிவிட்டவனே நீதாண்டா! இரு, உடம்பு தேறி வாரேன்!” என்று கிணற்றடியிலிருந்து வாசல் பக்கம் திரும்பி வந்து கத்தினேன்.

“வாய் மட்டும் அடங்கலை பாரு. நாளைக்கும் வருவேன்டா!”

தினமும் வந்தான். அவனுக்குப் பதில் சொல்லத் தெம்பு வேண்டுமென்றே கஞ்சி குடித்தேன். தேறி எழுந்து அளத்துக்குப் போய்ப் பார்த்தால், வாய்க்கால் உடையவே இல்லை.

சாயல்குடியில் என்னைப்போல உரத்த குரல் எவனுக்கும் கிடையாது. இப்போது எந்த வாசலில் வேப்பிலையைக் கண்டாலும் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். வசவாவது பதிலாக வரும்வரை நகர்வதில்லை.