பங்கு தின்றவள்

வேலை கிடைத்து நான் குடியேறிய அறைக்கு நேர் கீழே ஒரு கிரில் பட்டறை. முதல் நாள் காலையில் என்னை எழுப்பியது இரும்புச் சத்தம் அல்ல, ஒரு பெண்ணின் குரல். "ஜன்னலுக்கு அளவெடுக்கத் தெரியல, காதுல பென்சில் மட்டும் என்னத்துக்குய்யா? காது குடையவா?" என்று ஒரு கொத்தனாரை உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். வாசலை அடைத்து நிற்கும் ஆகிருதி. தெருவுக்கு அவள் வெல்டிங்கக்கா. பிறந்த வீட்டில் அவளுக்கு வேறு பட்டம் இருந்தது: பங்கு தின்னி.

அந்தப் பட்டம் அவளோடுகூடவே பிறந்தது. இரட்டையில் முதலில் வந்தவள் அவள், கொழுகொழுவென்று. பின்னால் வந்த தங்கை உள்ளங்கையில் அடங்கினாள், அழக்கூடத் தெம்பில்லை. "வயித்துக்குள்ளயே தங்கச்சி பங்கையும் சேத்துத் தின்னுட்டு வந்துட்டா" என்றாள் அம்மா. ஒரு தடவை சொல்லிவிட்டு மறந்திருந்தால் போகிறது. பால் ஆற்றும்போது சொன்னாள், முட்டை உரிக்கும்போது சொன்னாள், வந்தவர் போனவரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரியவள் இன்னொரு கரண்டி சோறு கேட்டால், "உள்ள தின்னது பத்தலையாடி?"

பிறப்பதற்கு முன்னால் செய்த குற்றத்துக்கு எந்தக் கோர்ட்டில் போய் வாதாடுவது? பள்ளிக்கூடத்தில் எவனாவது பங்கு தின்னி என்றால் மூக்கில் குத்தினாள். அம்மாவைக் குத்த முடியாது. வளர்ந்ததும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே சம்மட்டியை ஓங்கி ஓங்கி அடித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தங்கை தையல் கடைக்குப் போனாள். நாற்பதை நெருங்கும்போது அவளுக்கு முகம் ஊதியது, கால் ஊதியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால், "என்னோடதுல ஒண்ணை எடுத்து இவளுக்கு வைங்க" என்று வெல்டிங்கக்கா போய் நின்றாள். சோதனைகள் முடிந்து டாக்டரம்மா அம்மாவையும் மகள்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"நீங்க ஒரே கருவுல வந்த இரட்டைன்னு ஏன் முன்னாடியே சொல்லல?"

"டாக்டரம்மா, நல்லா கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க. நான் லாரி, இவ சைக்கிளு."

"உருவம் கிடக்கட்டும். மரபணு ஒண்ணா இருக்கே. ஒரே கருமுட்டை ரெண்டாப் பிரிஞ்சு வந்தவங்க நீங்க. உங்க சிறுநீரகத்தை இவங்க உடம்பு அடுத்த ஆளோடதுன்னே நினைக்காது. மத்தவங்க ஆயுசு முழுக்க முழுங்குற மாத்திரைகூட இவங்களுக்கு அனேகமாத் தேவைப்படாது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தங்கைக்கு ஏன் இப்படி ஆனது என்று அம்மா கேட்டாள். ரொம்பச் சின்னதாகப் பிறக்கும் குழந்தையின் சிறுநீரகத்தில் வடிகட்டிகள் குறைவாக இருக்கும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

அம்மா தொடையில் தட்டினாள். "பாத்தியா! நான் என்னத்தச் சொன்னேன்? அன்னைக்குத் தின்னதை இன்னைக்குக் கக்கட்டும்."

வெல்டிங்கக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி குப்புற விழுந்தது. "எடுக்கவும் வேணாம், வைக்கவும் வேணாம்" என்று வெளியேறினாள். மறுநாள் பட்டறையில் அவள் பக்கத்தில் யாரும் போகவில்லை.

சாயங்காலம் தங்கை மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "நீ குடுக்கலன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்டி. ஆனா தின்னதுக்குத் திருப்பித் தர்றேன்னு குடுத்தா, எனக்கு வேணாம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வெல்டிங்கக்கா மறுபடி ஆஸ்பத்திரி படியேறினாள். உறுப்பு தருபவரைத் தனியாக உட்கார வைத்து விசாரிப்பது அங்கே வழக்கம். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

"அது இருக்கட்டும். நான் தின்னேனா, இல்லையா? அதை மொதல்ல சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். உங்கள் இருவருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றாக இருந்திருக்கலாம் என்றார். அப்படி இருந்தால் அது சரிபாதியாகப் பிரியாமல் போவதுண்டு. சில சமயம் ரத்தக்குழாய்கள் பிணைந்துகொண்டு ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போகும். "குடுக்குறவளுக்கும் ஆபத்து, வாங்குறவளுக்கும் ஆபத்து. அவ்வளவு ரத்தத்தைத் தாங்காம பெரிய குழந்தையோட இதயமே நின்னுபோகலாம். எந்தக் குழந்தையும் எடுக்கறதில்லம்மா. அது பிரியறபடி பிரியுது."

அவள் மேசையில் ஓங்கி அறைந்தாள். "இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயசாகணுமா?" பிறகு, "கட்டாயம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"இப்பவே நிறுத்திடுவோம்."

"அப்ப எங்கம்மாவ உள்ள கூப்புடுங்க."

அம்மா வந்தாள். பெரியவள் எதற்காகத் தருகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். "தரவேண்டியதுதானேம்மா" என்றாள் அம்மா.

"வேண்டியதுன்னா நாங்க எடுக்க முடியாது. இவங்க யாருக்கும் எதுவும் திருப்பித் தரவேண்டியதில்லன்னு வீட்டுல எல்லாருக்கும் புரிஞ்சிருக்கணும்."

அம்மா முந்தானையை முறுக்கினாள். பிறகு சுவரைப் பார்த்து, "எடுக்கல" என்றாள்.

"யாரு, எதை?" வெல்டிங்கக்கா விடவில்லை.

"நீதான்டி. நீ எதையும் எடுக்கல."

"இதையும் சின்னவளுக்காகத்தான சொல்ற?"

வெல்டிங்கக்கா டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "என்னை யாரும் கட்டாயப்படுத்தல. என் தங்கச்சிக்கு நான் தர்றேன். அப்படியே எழுதிக்குங்க."

ஆபரேஷன் நடந்து மூன்று வருடம் ஆகிறது. தங்கை தையல் கடைக்குத் திரும்பிவிட்டாள், லீவு நாளில் பட்டறைக்கு வந்து அக்காவோடு வம்பளக்கிறாள். அம்மா தங்கை வீட்டில் இருக்கிறாள். வெல்டிங்கக்கா அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.